யாரும் கெட்டவர் இல்லாத வீடு

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். வளவுக்கு ஒரு டி.வி. இருந்த அந்தக் காலத்தில், இயக்குநர் பாலுமகேந்திரா தூர்தர்ஷனுக்காக 1989-இல் எடுத்த ‘சந்தியா ராகம்’ படத்தைத் திண்ணையிலும் வாசலிலுமாக உட்கார்ந்து பார்த்தோம்.

மனைவியை இழந்த கிராமத்துப் பெரியவர் சென்னையில் சகோதரன் மகன் வீட்டுக்குப் போகிறார். சின்ன வீடு, சின்னச் சம்பளம், கர்ப்பிணி மருமகள். பெரியவர் கடைசியில் முதியோர் இல்லம் சேருகிறார். நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர்தான் அந்தப் பெரியவர். அர்ச்சனாவும் ஓவியர் வீர சந்தானமும் தம்பதி. குடும்ப நலப் படத்துக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

படம் முடிந்ததும் எங்கள் ஆத்தா, “பட்டணத்துல இப்படியெல்லாம் நடக்குமாட்ட இருக்குது சாமி. நம்மூர்ல பெரியவங்கள ஆரு அனுப்புவாங்க?” என்றார். அன்றைக்கு அது உண்மைதான். எருமைக்குத் தண்ணி காட்ட, கடலை உரிக்க, பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ள என்று வயதான கைக்கும் வீட்டில் வேலை இருந்தது. வேலை இருந்ததால் இடமும் இருந்தது.

இன்று அதே வளவில் பல வீடுகளில் வயதானவர்கள் மட்டும். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வடக்கே லோடு ஏற்றிப் போகிற லாரிக்காரர் திரும்பிவர வாரக்கணக்காகிறது. எங்கள் பெரியப்பா சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆத்தா பட்டணத்துக் கதை என்று நினைத்தது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது.

மகன் சரியில்லை, மருமகள் சரியில்லை என்று ஊர் பேசுகிறது. தினம் இரவு பார்க்கிற தொடர்களும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வில்லியைத் தேடத்தான் பழக்குகின்றன. பாலுமகேந்திரா வேறொன்றைப் பழக்கினார். அந்தப் படத்தில் யாரும் கெட்டவர் இல்லை. கோபம் வரும் இடத்தில், கோபத்துக்குப் பின்னால் இருக்கும் மாதக் கடைசியையும் காட்டினார். பின்னால் சன் டி.வி.யில் ‘கதை நேர’த்துக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை 52 குறும்படங்களாக எடுத்தபோதும், சாதாரண வீடுகளை அதே பரிவோடுதான் பார்த்தார்.

அந்தப் பார்வை பொழுதுபோக்கோடு முடிகிற விஷயமில்லை. யார் குற்றவாளி என்று தேடுவதை விட்டால்தான், அந்த வீட்டில் எது பற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். பெரியப்பாவின் மருமகளான அண்ணியிடம் அதைக் கேட்டேன். “பகல்ல ஆரு தம்பி பாத்துக்குவாங்க? நானும் மில்லுக்குப் போவோணுமில்ல?” என்றார். பெரியப்பா வீடு திரும்பத் தடையாக இருப்பது அண்ணியின் மனசு இல்லை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைக்கும் ஓர் ஆள் துணை இல்லாததுதான். குழந்தைகளுக்கு ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கிறதே, பெரியவர்களுக்கும் அப்படிப் பகலில் இருக்க ஓர் இடம் வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத்தான் கேட்கப்போகிறோம், அண்ணியும் வருகிறார்.