காலை 7.10 ரயில்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் ஏறி உட்கார்ந்து, பைகளைக் காலடியில் தள்ளி, பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைத்ததும் எதிர் இருக்கையிலிருந்து ஒரு கேள்வி வரும்: “குழந்தை யாரு சாயல்?” 1986 மே மாதம் எங்கள் குடும்பத்தைக் கேட்டார்கள். போன வருடமும் கேட்டார்கள். கேள்வி அப்படியேதான் இருக்கிறது. எங்கள் பதில்தான் மாறிவிட்டது.

அன்று நாங்களும் பெரியம்மா குடும்பமும் சேர்ந்து ஊட்டிக்குப் போனோம். ஹோல்டாலில் ஜமக்காளம், கூஜாவில் தண்ணீர், எவர்சில்வர் அடுக்கில் புளியோதரை, அப்பாவின் சட்டைப் பையில் அட்டை டிக்கெட்டுகள். பெரியம்மா மடியில் அவருடைய மகன், நான்கு வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு காப்பகத்திலிருந்து தத்தெடுத்த பிள்ளை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, நீதிமன்ற அனுமதியோடு முறையாக நடந்த தத்து. ஆனால் அந்தக் காகிதங்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தன. சொந்தக்காரர் எல்லோருக்கும் விஷயம் தெரியும். எட்டு வயதான எனக்கும் தெரியும். பிளாட்பாரத்தில் அம்மா என் காதோரம் குனிந்து, “யாராவது கேட்டா, அவன் பெரியம்மா வயித்துப் பிள்ளைதான்னு சொல்லணும்” என்றாள்.

நான் சொல்ல வேண்டி வரவில்லை. எதிர் இருக்கைப் பாட்டி கேட்டதுமே பெரியம்மா, “அவங்க தாத்தாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்” என்றார். பெரியப்பா வெளியே பாக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தத்துப் பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் உரிமையில் வித்தியாசம் இல்லை என்று அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பெரியம்மாவுக்குச் சட்டமும் தெரியும், ஊர் வாயும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கேலி செய்தால், கல்யாணப் பேச்சில் ஒருவர் குலம் கோத்திரம் கேட்டால், சொத்துப் பேச்சில் ஒரு பங்காளி வாய் நீட்டினால் தன் பிள்ளை என்ன ஆவான் என்ற பயம் அது. அந்தப் பயம்தான் அவர் வாயைக் கட்டிப் போட்டது.

அவர் பயந்தது கடைசியில் நடந்தது. பெரியம்மா மகனான அந்தத் தம்பிக்கு இருபத்தேழு வயதில், ஒரு பாகப் பிரிவினைப் பேச்சில், தூரத்து உறவினர் ஒருவர் கூட்டத்தின் நடுவில் போட்டு உடைத்தார். பல வருடம் கழித்துத் தம்பி என்னிடம் சொன்னான்: “வளர்த்தது, தத்தெடுத்தது எதுவும் வலிக்கலக்கா. உனக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல பாரு, அதுதான் வலிச்சது.” அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நானும் கணவரும் தத்தெடுத்த எங்கள் மகள் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. இப்போதெல்லாம் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிந்து காத்திருக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எங்கள் வருமானம், உடல்நலம், குடும்பத்தார் மனநிலை எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை எழுதினார். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 100ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. நாற்பதுகளின் பின்பாதியில் இருந்த எங்களுக்கு அது இடம் கொடுத்தது. முன்பு நீதிமன்றம் பிறப்பித்த தத்து உத்தரவை, 2021இல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்திய பிறகு மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். எங்களுக்கும் அப்படியே வந்தது. குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வருவார்கள்.

உத்தரவு கையில் கிடைத்த கோடையில் ஊட்டிக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். சமூகப் பணியாளர் அப்போது சொன்னது ஒன்றுதான்: “இவளைப் பொறுத்தவரைக்கும் பையைக் கட்டினா இடம் மாறப்போறோம்னு அர்த்தம். திரும்பி வரப்போறதை முன்னாடியே சொல்லிடுங்க.”

அன்று இரவு பழைய தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் என் கணவர் படம் வரைந்தார். முதல் தாளில் எங்கள் வீட்டு நீலக் கதவு. பிறகு சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், மலை ரயில், குன்னூரில் தங்கும் அறை, மறுபடி ரயில். கடைசித் தாளில் அதே நீலக் கதவு, அதன் முன்னால் மூன்று பேர். அவள் நடுத் தாள்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கடைசித் தாளில் விரலை வைத்து, “இது நான்தானே?” என்றாள். “நீதான்டா செல்லம்” என்றார் அவர். அந்தத் தாளை மட்டும் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பைக்குள் அவளுடைய எல்லாச் சாமான்களும் போயின: கலர் பென்சில்கள், பள்ளி அடையாள அட்டை, காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பச்சைத் துண்டு. எதையும் வெளியே எடுக்கச் சொல்லவில்லை. கனத்தை நாங்கள் தூக்கிக்கொண்டோம்.

மலை ரயில் ஓடுவது 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு இதில் இடம் கிடைப்பதே பாடு. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான மலை. சறுக்காமல் இருக்க எஞ்சினின் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. “எஞ்சின் பின்னாடி இருந்தா அதுக்கு வழி எப்படிம்மா தெரியும்?” என்று மகள் கேட்டாள். முன் பெட்டியில் கொடி பிடித்து நிற்பவரைக் காட்டி என் கணவர் விளக்கினார். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது குரங்குகள் வந்தன. பிஸ்கட் பாக்கெட்டை ஃபிராக்குக்குள் செருகிக்கொண்டாள்.

அந்தப் பிஸ்கட்டுகளை ராத்திரி அறையில் பார்த்தேன். பாதி கடித்த மூன்று மேரி பிஸ்கட், கைக்குட்டையில் முடிந்து, தலையணைக்கு அடியில். அடுத்த வேளை சாப்பாடு எப்போது வரும், யார் தருவார்கள் என்பதில் நிச்சயம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் இப்படி எடுத்து வைப்பது வழக்கம். அதட்டி நிறுத்தக் கூடாது. மறுநாள் கடைத்தெருவில் மூடி போட்ட ஒரு டப்பா வாங்கி, பிஸ்கட்டும் வேர்க்கடலையும் நிரப்பிக் கொடுத்தோம். “இது உன்னோடது. எப்ப வேணும்னாலும் சாப்பிடலாம். தீர்ந்தா அப்பா மறுபடி போடுவார்.” ஊருக்குத் திரும்பும்வரை டப்பா அவள் கையைவிட்டுப் போகவில்லை. இப்போது அது சமையலறை அலமாரியில், அவளுக்கு எட்டும் தட்டில் இருக்கிறது. சில வாரங்களாக அதை நிரப்பச் சொல்லி அவள் கேட்பதில்லை.

சாயல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எதிரில் இருந்த அம்மாள் கேட்டதும் மகள் என்னைப் பார்த்தாள். எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: அவள் கதை அவளுடையது, சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். அவளே சொன்னாள்: “நான் அம்மா வயித்துல இருந்து வரல. அம்மாவும் அப்பாவும் வந்து என்னைக் கூட்டிட்டு வந்தாங்க.” அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய், “பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க, கொடுத்து வெச்ச பொண்ணு” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். இருந்தாலும் பதில் சொன்னேன்: “புண்ணியம் எல்லாம் இல்லைங்க. எங்களுக்கு மகள் வேணும்னு ஆசைப்பட்டோம், இவ கிடைச்சா.” வாழ்நாள் முழுக்க நன்றிக்கடன் சுமக்க வேண்டியவள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டு வளரக் கூடாது.

குன்னூரில் தம்பி எங்களோடு வந்து சேர்ந்தான், மனைவி மக்களோடு. சிம்ஸ் பூங்காவில் அவளுக்கு ஊஞ்சல் ஆட்டிக்கொண்டே, “மாமாவும் உன்னை மாதிரிதான் வீட்டுக்கு வந்தேன்” என்றான். “உங்களுக்கு யார் சொன்னா?” என்று அவள் கேட்டாள். அவன் சற்று நேரம் கழித்து, “மாமாவுக்கு லேட்டாதான் சொன்னாங்க. உனக்கு உங்கம்மா சீக்கிரமே சொல்லிட்டாங்க” என்றான்.

அன்று எல்லோருக்கும் தெரிந்தது பிள்ளைக்கு மட்டும் தெரியாது. இன்று பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும், மற்றவர்களுக்கு அவள் விரும்பினால் தெரியும். பெரியம்மாவின் பாசத்துக்கும் எங்கள் பாசத்துக்கும் எடையில் வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. காலம் எங்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தத்தெடுத்த பிள்ளையோடு முதல் பயணம் புறப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். எங்கே போகிறோம், எங்கே படுப்போம், என்றைக்கு வீடு திரும்புவோம் என்று கிளம்பும் முன்பே பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்ன நாளில் திரும்பி வாருங்கள். பயணத்தைப் பற்றி நாம் சொன்னது நடந்தால்தான், அவளுடைய பிறப்பைப் பற்றி நாம் சொல்வதையும் பிள்ளை நம்புவாள்.