கப்பலேறிப் போன ஜார்ஜ் டவுன்

சிங்கப்பூரில் ஏற்றிச் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் சொகுசுக் கப்பல் அது. நடுவே ஒரு பகல் பினாங்கில் நிற்கும். ஊரைப் பஸ்ஸில் சுற்றிக் காட்ட கப்பலில் கேட்ட தொகையைப் பார்த்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வரலாற்று ஆர்வலன் எழுந்து உட்கார்ந்தான். "பழைய ஊரை நடந்துதான் பார்க்கணும்" என்றேன். மனைவி ஒன்றும் பேசாமல் காலை பஃபேயிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே விக்டோரியா மணிக்கூண்டு. மகாராணி அரியணையில் 60 வருஷம் நிறைத்ததற்கு, வருஷத்துக்கு ஓரடி வீதம் 60 அடி. சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தரின் அன்பளிப்பு. வேலை முடிந்தது 1902-இல். மகாராணி 1901-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கென்று நான் ஆரம்பித்த மாடிப் போர்ஷன் நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் விழுந்த குண்டால் கூண்டு லேசாகச் சாய்ந்திருக்கிறது என்றேன். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்து ஒத்துக்கொண்டாள்.

பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம். காடு வெட்ட ஆட்கள் சுணங்கினார்களாம். பீரங்கியில் வெள்ளிக்காசைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு தேடியே காடு அழிந்தது என்பது கதை. கதைதான் என்று சொன்ன பிறகும் மனைவி புல்தரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அடுத்து பீச் ஸ்ட்ரீட். நெடுக வங்கிகள்.

"பீச் எங்கங்க?"

"கடலைத் தூர்த்துட்டாங்க. தெருவுக்குப் பேர் மட்டும் மிச்சம்."

"நம்ம சென்னை பீச் ஸ்டேஷன் மாதிரியா?"

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. குட்டி இந்தியாவுக்குள் நுழைந்ததும் நிலைமை மோசமானது. சேலைக்கடை வாசலில் தமிழ்ப்பாட்டு, மல்லிகைப்பூ, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். தாண்டினால் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வழி கேட்க மலாயில் நான்கு வார்த்தை மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது வார்த்தையில் பூக்காரம்மா, "தமிழ்லயே கேளுங்கண்ணே" என்றார்.

ஆர்மீனியன் தெருவின் பெயர்ப்பலகை முன்னால் மனைவி நின்றுவிட்டாள். சைக்கிளில் குழந்தைகள் போகும் பிரபலமான சுவரோவியத்துக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அவள் பலகையைப் படமெடுத்தாள்.

"இந்த ஊர் பேர் என்னங்க?"

"ஜார்ஜ் டவுன்."

"கோட்டை, துறைமுகம், பீச் இல்லாத பீச்சு, நாம அரண்மனைக்காரன் தெருன்னு சொல்ற ஆர்மீனியன் தெரு. குரோம்பேட்டையில ரயில் ஏறியிருந்தா பத்து ரூபா."

இது மூன்றாம் ஜார்ஜ் பேரில், நம்ம பாரீஸ் கார்னர் இருக்கிற சென்னை ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜ் பேரில் என்று விளக்கினேன். இரண்டு ஜார்ஜுக்கும் டிக்கெட் செலவு ஒன்றுதானா என்று கேட்டாள்.

சூலியா தெருப் பக்கம் நாசி கண்டார் வாசனை காலைக் கட்டியது. ஒருகாலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தடியில் தூக்கி விற்ற சோறும் குழம்பும். "கப்பல்ல பஃபேக்குக் கட்டின காசு?" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் நான் தட்டோடு நின்றேன். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல இங்கே 'பஞ்சிர்' என்கிறார்கள். மலாயில் வெள்ளம் என்று பொருள். சென்னைக்காரனுக்கு வெள்ளம் புதிதா? இரண்டாவது தட்டு அவள்தான் கேட்டாள். வாழைப்பழம் கப்பலுக்கே திரும்பியது.

இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சிங்கப்பூர் அம்மாள், ஊர் எப்படி என்று விசாரித்தார்.

"எங்களுக்கு என்ன புதுசு? பாரீஸ் மாதிரியே இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவையாவது பாரீஸ் போயிடுவோம்" என்றாள் மனைவி.

அந்த அம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தார். "அப்ப அந்த டவரெல்லாம்..."

"பார்த்தோமே. லேசா சாய்ஞ்சிருக்கு."