சுருட்டும் கள்ளும் பொருந்துமா?

கேள்வி: வெளிநாடுகளில் சுருட்டையும் சிறு ஆலைகளில் வடித்த பியரையும் சோடி சேர்த்து ருசிக்கிறார்களாம். எங்கள் யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தோதான சோடி பனங்கள்தானே?

பதில்: ஒரே ஊர் என்பதற்காகச் சாதகம் பொருந்திவிடுமா? ஒன்றின் காரம் மற்றதை விழுங்கக் கூடாது என்பதுதான் அந்தச் சோடி சேர்ப்பின் முதல் விதி. அதனால்தான் கடுஞ்சுருட்டுக்கு வறுத்த தானியம் மணக்கும் கறுப்பு ஸ்டவுட்டைத் தேடுகிறார்கள். எங்கள் சுருட்டுப் புகையிலை பொச்சுமட்டைப் புகையில் பதப்படுத்தப்படுவது. நாக்கில் கனமாக நிற்கும். பனங்கள் அதற்கு நேர் எதிர். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசாவிட்டால், பாளையிலிருந்து சொட்டும்போதே மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியதில் இனிப்பு மிஞ்சியிருக்கும், பொழுது ஏற ஏறப் புளிக்கும், வைத்திருந்தால் வினாகிரிதான். மதுசாரம் ஏறக்குறைய பியரளவே. பிளாவில் வார்த்து வாயருகே கொண்டுபோகும்போது எழும் அந்த மெல்லிய நுரைமணம், சுருட்டின் முதல் இழுப்போடு தொலைந்துவிடும்.

"தவறணையில் அப்புமார் இரண்டையும் ஒன்றாகத்தானே வைத்திருந்தார்கள்?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது உழைத்துக் களைத்தவர்களின் பழக்கம். ருசிப் பொருத்தத்துக்குச் சாட்சியாகாது. கள்ளின் இனிப்பும் புளிப்பும் கேட்பது உறைப்பையும் உப்பையும்: பொரித்த மீன், நண்டுக்கறி. இன்னொன்றையும் மறைக்க முடியாது. புகையும் மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் கூட்டற் கணக்கில் அல்ல, பெருக்கற் கணக்கில் ஏறுகிறது. குடிப்பதானால் காலைக் கள்ளை மீன் பொரியலோடு அளவாகக் குடியுங்கள். சுருட்டைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.