பின்னேற்பு வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், சென்னை. முகாம்: டோக்கியோ.

பெறுநர்: பயணத்திட்டங்களைப் பரிசீலிக்கும் உயர்திரு விசா அதிகாரி அவர்கள்.

பொருள்: வெளிநாட்டுப் பயணம் – தனிநபர் – நாள்வாரித் திட்டத்திலிருந்து விலகல்கள் ஏற்பட்டமை – பின்னேற்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2024 ஜனவரியில் என்னால் கையொப்பமிட்டு அளிக்கப்பட்ட நாள்வாரிப் பயணத்திட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வையில் காணும் திட்டத்தில் தேதி, செய்யப்போவது, தொடர்பு எண், தங்கும் இடம் என்று நான்கு கட்டம் போட்டு, எந்தத் தேதியில் எங்கே இருப்பேன், எதைப் பார்ப்பேன் என்று தங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். தாங்களும் அதை நம்பி விசா கொடுத்தீர்கள். நரிட்டா விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து திட்டம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். காலமெல்லாம் கோப்பு தள்ளிய கைக்கு இதை எழுத்தில் தெரிவித்து முறைப்படுத்திக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது. எனவே இக்கடிதம்.

முதலில் இந்தப் பயணத்தின் பூர்வகதையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். 2019-லேயே கிளம்பியிருக்க வேண்டியவள் நான். அரசு ஊழியர் வெளிநாடு போவதென்றால் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். துறையின் பெயர் வேண்டாம், ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. கோப்பு மேலே போனது, விளக்கம் கேட்டுக் கீழே வந்தது, மறுபடி மேலே போனது. ‘உடன் செல்வோர் விவரம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். அது விடுபட்டதாக எடுத்துக்கொண்டு பூர்த்தி செய்து அனுப்பச் சொன்னார்கள். சான்று கைக்கு வந்தபோது ஊரடங்கும் வந்துவிட்டது. சரி, 58 வயதில் ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தேன். அரசு 59 என்றது. அடுத்த வருடமே 60 என்றது. இடையில் தங்கள் நாட்டுக் கதவும் சாத்தியிருந்தது. 2022 ஜூனில் கொஞ்சம் திறந்தார்கள். அப்போதும் வழிகாட்டியோடு கூட்டமாக வருகிறவர்களுக்குத்தான் அனுமதி. தனி ஆளாக வர அந்த வருடம் அக்டோபர் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனியாகப் போகும் பெண்ணைக் கண்டு யோசிப்பது எங்கள் துறையின் தனிப்பழக்கம் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

இனி விலகல்கள்.

வந்து சேரும் நாளுக்கான வரியில், ‘ஷின்ஜுகு நிலையம், மேற்கு வாசல், விடுதி, ஓய்வு’ என்று எழுதியிருந்தேன். மேற்படி நிலையம் உலகிலேயே அதிகக் கூட்டம் புழங்கும் ரயில் நிலையம் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. நாளொன்றுக்குப் பல லட்சம் பேர், 200-க்கு மேற்பட்ட வாசல்கள். அதில் மேற்கு வாசல் வழியாகத்தான் வெளியே வருவேன் என்று சென்னையில் மேசையில் உட்கார்ந்து உறுதி கொடுத்தவளின் துணிச்சலைத் தாங்கள் பாராட்டியிருக்க வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து கடைசியில் நான் வெளியே வந்தது கிழக்கில். பசி. எதிரே நகமுரயா என்ற கடையின் கட்டடம். கீழ்த்தளத்தில் இந்தியக் கறி கிடைக்கும் என்று படத்தோடு போட்டிருந்தது.

வாசலில் நின்ற பெண் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். நானும் ஒரு விரலைத் தூக்கினேன். அவ்வளவுதான், இடம் காட்டிவிட்டாள். ‘கூட யாரும் வரலையா’, ‘வீட்டுக்காரர் வண்டி நிறுத்திட்டு வர்றாரா’, ‘ஃபேமிலி ரூம்ல உக்காருங்க’ எதுவும் கிடையாது. அறுபது வயதில் முதல்முறையாக என் எண்ணிக்கையை மட்டும் கேட்டார்கள்.

சோறு தட்டில் வந்தது, கறி தனிப் பாத்திரத்தில் வந்தது. எலும்போடு கூடிய கோழி; குழம்பு நம் கண்ணுக்குக் கொஞ்சம் சாது. எலும்பைக் கையில் எடுக்கலாமா என்று அக்கம்பக்கம் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் கரண்டியாலேயே சதையைப் பிரித்து, எலும்பைத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னால் அந்த ஒழுங்கு முடியவில்லை. இங்கேயும் ஒரு விலகல் என்று குறித்துக்கொள்ளவும்.

இந்தக் கறியின் கதை தங்கள் மேசைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1912-ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங்கின் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் ஜப்பானுக்குக் கப்பலேறினார். பி. என். தாகூர் என்று பெயர் கொடுத்தார். கவிஞர் தாகூரின் உறவினன், கவிஞரின் ஜப்பான் வருகைக்கு முன்னேற்பாடு செய்யப் போகிறேன் என்றார். அதாவது விண்ணப்பதாரர் பெயர் பொய், பயணத்தின் நோக்கம் பொய். இந்த மேசையில் தாங்கள் அன்றைக்கு இருந்திருந்தால் ‘உறவு முறைக்குச் சான்று இணைக்கவும்’ என்று திருப்பியிருப்பீர்கள். அவரோ வந்து சேர்ந்துவிட்டார். பிரிட்டிஷார் நெருக்க, நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது அவரைத் தம் இடத்தில் ஒளித்து வைத்தவர்கள் இந்த நகமுரயா கடையை நடத்திய சோமா தம்பதி. 1918-ல் அவர்கள் மகள் தோஷிகோவை மணந்தார், 1923-ல் ஜப்பானியக் குடிமகன் ஆனார். மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்த கறி 1927-லிருந்து இந்தக் கடையில் விற்கிறது. அவரே பின்னாளில் இந்திய தேசிய ராணுவத்துக்கு அடித்தளம் போட்டு, 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜியிடம் தலைமையை ஒப்படைத்தார். மலேயாத் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர் சேர்ந்த படை அது. எழுதிக் கொடுத்த நோக்கத்தின்படியே நடந்துகொண்டிருந்தால், ஆசாமி ஒரு விடுதியைப் பார்த்து வைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார்.

கறிக்குப் பணம் கொடுக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. நான் வந்த வாரத்தில் யென் சரிந்து, ஒரு டாலர் 151 யென்னைத் தாண்டியிருந்தது. 1990-க்குப் பிறகு இவ்வளவு சரிவு இல்லையாம். ஆகவே நான் தங்களிடம் காட்டிய வங்கி இருப்பு, யாதொரு முயற்சியுமின்றி, தங்கள் நாட்டுக் கணக்கில் பெருத்திருக்கிறது. சொத்து விவரத்தை மறைத்ததாகக் கருத வேண்டாம்.

அடுத்து ஃபுஜி மலை. ‘கவாகுச்சி ஏரி: ஃபுஜி மலையைப் பார்த்தல்’ என்று எழுதியிருந்தேன். ஏரி இருந்தது. 3,776 மீட்டர் உயரமுள்ள மேற்படி மலை அன்று பணிக்கு வரவில்லை. நாள் முழுக்க மேகம். என் தரப்பில் குறைபாடு எதுவுமில்லை.

செர்ரிப்பூ விவகாரம் இதைவிடச் சிக்கலானது. மார்ச் கடைசி வாரத்தில் ‘உயேனோ பூங்கா: பூப் பார்த்தல்’ என்று எழுதியிருந்தேன். முந்தைய வருடம் மார்ச் 14-லேயே டோக்கியோவில் பூத்துவிட்டது என்று படித்ததால் வந்த நம்பிக்கை. போய்ப் பார்த்தால், விளக்கு கட்டியிருக்கிறார்கள், பூவைப் பார்த்து உட்கார இடமும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், கிளையில் மொட்டு. அதுவும் சந்தனப் பொட்டு அளவுக்கு.

அன்றிரவு என் அண்ணன் பேசினார். அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். தங்களுக்குக் கொடுத்த திட்டத்தின் நகல் ஒன்று அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. நாள் முடிய முடிய டிக் அடித்துவருகிறார். ஜப்பான் மூன்றரை மணி நேரம் முந்தி என்பதால், அவர் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் பேசுகிற நேரம் எனக்கு நள்ளிரவு.

“பாப்பா, இன்னிக்குப் பூங்காதானே? பூவெல்லாம் எப்படி?”

“மொட்டுண்ணா. இன்னும் பூக்கல.”

“பூக்காததுக்கு எதுக்குப் போனே?”

“லிஸ்ட்ல இருந்துச்சு.”

“அப்ப டிக் போடட்டுமா, வேண்டாமா?”

இந்தக் கேள்விக்குத் தாங்கள்தான் தெளிவுரை வழங்க வேண்டும்.

பூ எப்போது பூக்கும் என்பது பற்றித் தங்கள் நாட்டு வானிலை ஆய்வு முகமையே வாக்குக் கொடுப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். முன்பு கணித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010 முதல் அதை நிறுத்தித் தனியாரிடம் விட்டுவிட்டார்கள். இப்போது செய்வது ஒன்றுதான். யாசுகுனி ஆலய வளாகத்தில் மாதிரி மரம் ஒன்று இருக்கிறது. அலுவலர் வந்து அந்த மரத்தைப் பார்ப்பார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் டோக்கியோவில் பூத்துவிட்டது என்று அறிவிப்பார். மார்ச் 29 அன்று நானும் அங்கே போய் நின்றேன். கோட்டு போட்ட ஒரு மனிதர் அண்ணாந்து, கிளை கிளையாகப் பார்த்து, விரல் நீட்டி எண்ணினார். சுற்றிலும் தொலைக்காட்சிக் கேமராக்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து தென்னை மரம் எண்ணப்போன வருவாய் ஆய்வாளர் யாருக்கும் இந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. அவர் அறிவித்ததும் கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன். வழக்கத்தைவிட ஐந்து நாள் தாமதமாம். மரத்திடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. நடந்து முடிந்ததைப் பார்த்துச் சான்று வழங்கும் இந்த முறைக்கு எங்கள் அலுவலக வழக்கில் பின்னேற்பு என்று பெயர். பூவுக்கு வழங்கியதையே நானும் கோருகிறேன்.

அன்றைய தேதியில் திட்டப்படி நான் காமாகுராவில் பெரிய புத்தரின் முன்னால் இருந்திருக்க வேண்டும். 1252-ல் அவரை வார்க்கத் தொடங்கினார்கள் என்கிறார்கள். அவர் எங்கும் எழுந்து போய்விட மாட்டார் என்ற நம்பிக்கையில் ஒத்திவைத்தேன்.

தங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தவள் என்பதால் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்கிறேன். முகாம் போகும் அலுவலர்கள் போகுமுன் பயணத்திட்டம் கொடுப்பார்கள். வந்தபின் நாட்குறிப்போடு பயணப்படிப் பட்டியல் கொடுப்பார்கள். இரண்டையும் ஒப்பிடுவது என் வேலை. பேருந்து நடுவழியில் நின்றது, கிராம நிர்வாக அலுவலர் ஊரில் இல்லை, மழை, வேறு ஊரில் தங்க நேர்ந்தது என்றெல்லாம் அடித்தல் திருத்தலோடு வரும் பட்டியலை மறுபேச்சில்லாமல் பாஸ் செய்வேன். திட்டமும் நாட்குறிப்பும் வரிக்கு வரி பொருந்தி வந்தால்தான் பேனாவை மூடிவைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பேன். பெரும்பாலும் அவர் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

என் திட்டம் எத்தனை இடத்தில் பொருந்தவில்லை என்பதை மேலே விவரித்துள்ளேன். நான் ஜப்பானுக்கு உண்மையாகவே வந்திருக்கிறேன் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் என்னிடம் இல்லை.

நாளைய வரியில் ‘கியோத்தோ’ என்று இருக்கிறது. ஆனால் டோக்கியோவின் ஓரத்தில் ஷிபாமாட்டா என்ற இடத்தில் தைஷாகுதென் கோயில் இருப்பதாகவும், அது நம் இந்திரனுக்கானது என்றும் இன்றைக்குத்தான் அறிந்தேன். பூம்புகாரில் விழா கொண்டாடப்பட்டவர் இவ்வளவு தூரம் வந்து குடியேறியிருக்கும்போது, ஒரே ஊர்க்காரியாகிய நான் எட்டிப் பார்க்காமல் போவது முறையாகாது. அவர் எந்தத் திட்டத்தைக் காட்டி அனுமதி வாங்கினார் என்பது தங்கள் பதிவேட்டில் இருக்கலாம்.

எனவே, நாளது தேதி வரையிலான விலகல்களுக்குப் பின்னேற்பு வழங்குமாறும், மீதமுள்ள நாட்களுக்கான வரிகளில் ‘அவ்வப்போது முடிவு செய்யப்படும்’ என்று திருத்திக்கொள்ள அனுமதிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். குறித்த நாளில் நாடு திரும்புவேன் என்ற உறுதிமொழியில் மாற்றமில்லை. ஓய்வூதியருக்கான வருடாந்தர நேர்காணல் இருக்கிறது. உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: நகமுரயா ரசீது ஒன்று, மேகத்தின் புகைப்படம் ஒன்று (ஃபுஜி மலை இதன் பின்னால் உள்ளது).

நகல்: என் அண்ணன், கோயம்புத்தூர். தகவலுக்காக மட்டும், நடவடிக்கைக்காக அல்ல.