நட்சத்திரப் பிரமாண விசாரம்

கல்யாணத்துக்கு மட்டுமே நட்சத்திரம் பார்த்து வந்த நம்மவர் இப்போது மாவரைக்கும் யந்திரம் வாங்குவதற்கும் நட்சத்திரம் பார்க்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். அங்கே இருபத்தேழு, இங்கே ஐந்தே ஐந்து என்ற பேதம் ஒன்றுதான். பொருத்தம் எத்தனை அமைந்தாலும் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் என்பது இரண்டுக்கும் பொது.

பதினோரு வருஷம் உழைத்த எங்கள் வீட்டு டேபிள் டாப் கிரைண்டர், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, உளுந்து பாதி அரைபட்ட நிலையில் மோட்டார் கருகி உயிர் நீத்தது. அன்றிரவு முதல் மூன்று நாள் கைபேசியும் கையுமாக நான் நடத்திய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

முன்பின் தெரியாதவர் எழுதிய மதிப்புரை பிரமாணமாகுமா? நியாய சாஸ்திரம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் எனப் பிரமாணங்களை நான்கோடு நிறுத்திக்கொள்ள, மணிமேகலையில் வரும் அளவைவாதியோ பத்து வரை எண்ணிக் காட்டுகிறான். எப்படி எண்ணினாலும் மதிப்புரையைச் சப்தத்தில்தான் சேர்க்க வேண்டும். (கிரைண்டர் விஷயத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருளும் உண்டென்பதை நான் மறக்கவில்லை.) சப்தம் செல்லுபடியாக வேண்டுமானால், சொல்பவர் பொருளை நேரில் அறிந்தவராகவும் அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவராகவும், அதாவது ஆப்தராக, இருக்க வேண்டும் என்பது நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனரின் நிபந்தனை.

‘பார்சல் பத்திரமாக வந்தது, இன்னும் உபயோகிக்கவில்லை, அருமையான கிரைண்டர்’ என்று ஐந்து நட்சத்திரம் வழங்கிய அன்பர் நேரில் அறிந்தது அட்டைப்பெட்டியை மட்டுமே. டெலிவரிப் பையன் மாடியேற மறுத்தான் என்று ஒற்றை நட்சத்திரத்தோடு சபித்தவர் அறிந்தது மாடிப்படியை. சற்றுக் கீழே, ‘சாயம் போகவில்லை, அளவு சரியாக இருக்கிறது’ என்றொரு வாக்கியம் கண்டு திகைத்தேன். நைட்டி விற்ற பக்கத்திலேயே கிரைண்டரை ஏற்றிவிட்டு, நைட்டி சம்பாதித்த நட்சத்திரங்களைக் கிரைண்டருக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். சராசரியோ இவை எல்லாவற்றிலும் பெரிய மாயை. பத்துப் பேரும் மூன்று கொடுத்தால் சராசரி மூன்று. ஐவர் ஐந்தும் ஐவர் ஒன்றும் கொடுத்தாலும் மூன்றுதான். முன்னது சுமாரான யந்திரம், பின்னது சூதாட்டம்.

இந்த வியாதி புதிதன்று. அக்காலப் பத்திரிகைகளில் லேகிய விளம்பரத்தின் அடியில் பெரிய மனுஷர்களின் நற்சாட்சிப் பத்திரங்களை அச்சிடுவார்கள். சாட்சி சொன்னவர் லேகியத்தை விழுங்கினாரா என்று கேட்டவர் இல்லை. இப்போது சர்க்காரே கேட்கிறது. 2022 நவம்பரில் வெளிவந்த ஐ.எஸ். 19000 என்ற இந்தியத் தரநிலை, காசு கொடுத்து எழுதி வாங்கிய மதிப்புரையை வெளியிடலாகாது, எழுதியவர் மெய்யான ஆள்தானா என்று சோதிக்க வேண்டும் என்கிறது. ஆனால் விரும்பியவர் அனுசரிக்கலாம் என்று வந்த விதி அது. ஏகாதசி உபவாசத்தைப் போல.

மூன்றாம் நாள் இரவு, மூன்றே நட்சத்திரம் கொடுத்திருந்த ஓர் அம்மாளைக் கண்டடைந்தேன். உளுந்து நன்றாகப் பொங்குகிறதாம். அரிசியை இரண்டு தவணையாகப் போட வேண்டுமாம். உருளைக்கல்லின் அடியில் ஒட்டும் மாவை வழித்தெடுக்க விரல் நோகிறதாம். எட்டாம் மாதத்தில் பெல்ட் மாற்றினார்களாம். வாத்ஸ்யாயனர் கிரைண்டர் வாங்கப் போயிருந்தால், பெல்ட் மாற்றியவரே ஆப்தர் என்று ஒரு வரி கூட்டியிருப்பார் என்பது என் துணிபு. அந்த அம்மாள் குறை சொன்ன யந்திரத்தையே வாங்கினேன்.

நேற்று வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் உத்தரவாதச் சீட்டோடு வழவழப்பான அட்டை ஒன்றும் இருந்தது: ஐந்து நட்சத்திரம் கொடுத்து அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நூறு ரூபாய் வரவு வைக்கப்படுமாம். உளுந்து இன்னும் ஊறவே போடவில்லை. அட்டையைக் குப்பையில் போடவும் மனம் வராமல், இப்போதைக்கு ஃபிரிட்ஜின் மேல் வைத்திருக்கிறேன்.