வெள்ளைத் தாளுக்கு நாற்பது மார்க்

பரீட்சையில் வெள்ளைத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்கும் நம் ஊரில் நாற்பது மார்க் கிடைக்கும். கிண்டல் இல்லை, கணக்கு. நூறு மார்க்கில் பருவத் தேர்வுக்கு அறுபதுதான். மீதி நாற்பது வளரறி மதிப்பீடு. அதில் இருபது செயல்பாடு, இருபது சிறுதேர்வு. இந்த நாற்பதையும் போடுவது பள்ளிக்கூடம். எந்தக் கடைக்காரன் தன் சரக்கைத் தானே சொத்தை என்பான்? நாற்பதுக்கு நாற்பது போட்டுவிடுகிறார்கள். நாற்பது என்றால் டி கிரேடு. அதற்குக் கீழே இ1, இ2 என்று இரண்டு கிரேடுகளை அச்சடித்தும் வைத்திருக்கிறார்கள். அழகுக்கு.

இன்னும் கேளுங்கள். அறுபதுக்கு 21 எடுத்தால் மொத்தம் 61. அது பி2. கேள்வித்தாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தெரியாத பிள்ளை பி கிரேடு வாங்கி வருகிறது. அப்பா சைக்கிளை நிறுத்தி மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறார்.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்த ஏற்பாடு இது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்று பெயர். நோக்கத்தில் பழுதில்லை. மனப்பாடம் ஒழிய வேண்டும், ரேங்க் வெறி தணிய வேண்டும், பிள்ளை பயமில்லாமல் படிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. நல்ல சட்டம். பிள்ளைக்குப் பயம் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது.

அறந்தாங்கியில் புனிதர் பெயர் தாங்கிய ஓர் ஆங்கில வழித் தொடக்கப் பள்ளியின் ரிப்போர்ட் கார்டு கைக்கு வந்தது. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். விபூதிப் பள்ளி, பிறைப் பள்ளி, கட்சிக்காரர் பள்ளி எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கார்டுதான், அட்டைப் படம்தான் வேறு. வழவழப்பான தாள். நாலு வண்ணம். மேலே புனிதர், கீழே கட்டங்கள். எஃப்.ஏ. (ஏ) என்ற செயல்பாடு, எஃப்.ஏ. (பி) என்ற சிறுதேர்வு, எஸ்.ஏ. என்ற பருவத் தேர்வு, டோட்டல், கிரேடு. அடுத்த பக்கத்தில் வாழ்வியல் திறன்கள், மனப்பான்மை, மதிப்புகள், யோகா. முடிவெடுக்கும் திறனுக்கு ஏ. உணர்ச்சிகளைக் கையாளும் திறனுக்கும் ஏ. பிள்ளைக்கு வயது ஏழு. அத்தனையும் ஆங்கிலத்தில். பிள்ளையின் அப்பா கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் எடுத்துவந்து விற்கிறவர். கடைசி வரி: 'கேன் டூ பெட்டர்.' பிள்ளையைச் சொல்கிறார்களா, தங்களைச் சொல்லிக்கொள்கிறார்களா என்று தெரியவில்லை.

செயல்பாடு என்கிறார்களே, அது என்ன? தெர்மாகோல் எரிமலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளை நினைவு வந்து சொல்லும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஃபெவிகால் தேடுவாள். ஸ்டேஷனரி கடைக்காரர் பாதி சாத்திய ஷட்டருக்குக் கீழே குனிந்து சிவப்பு சார்ட்டை எடுத்துக் கொடுப்பார். அவருக்குத் தெரியும், அந்த வாரம் முழுக்க எரிமலை வாரம். பிள்ளை பாயில் தூங்கிவிட்டிருக்கும். திங்கட்கிழமை எரிமலைக்கு முழு மார்க். வெள்ளிக்கிழமை அது குப்பைக்கூடையில். இதில் மதிப்பிடப்பட்டது யாருடைய கற்றல்? அம்மாவுக்கும் ஒரு கிரேடு போட்டுக் கொடுத்தால் அவளாவது சந்தோஷப்படுவாள்.

நேர்மைக்கும் கட்டம் உண்டு. அதைப் பார்த்தால்தான் ரத்தம் கொதிக்கிறது. பில்டிங் ஃபண்டுக்கு ரசீது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அலுவலகம், ஏழு வயதுப் பிள்ளையின் நேர்மைக்கு மார்க் போடுகிறது. சுவரில் இயேசுவின் மலைப்பொழிவு. கதவில் ஃபீஸ் பாக்கிப் பட்டியல். பாக்கி இருந்தால் கார்டைக் காட்ட மாட்டார்கள். மற்ற பிள்ளைகள் கார்டோடு போகும்போது அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வாசலில் நிற்கும். பிறரிடம் அன்பு காட்டுதல் என்ற கட்டமும் அதே கார்டில்தான் இருக்கிறது.

பழசை மறக்கவில்லை. நம் தாத்தாக்கள் பலருக்கு அகரம் சொல்லிக் கொடுத்தது ஆர்.சி. பள்ளிக்கூடம்தான். சாதி பார்த்து வெளியே நிறுத்திய காலத்தில் உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். அந்தக் கடன் பெரியது. அதனால்தான் இந்தக் கோபமும் பெரியது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் மாதா கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளி, ஃபீஸ் இல்லை, பெயின்ட்டும் இல்லை. அந்தப் பக்கம் ஆங்கில வழி, மாடிமேல் மாடி. ஒரே காம்பவுண்டில் இரண்டு நற்செய்தி.

மிஸ்களைத் திட்டிப் பயனில்லை. சொற்பச் சம்பளத்துக்கு நாற்பது பிள்ளைகளுக்கும் கட்டம் கட்டமாக நிரப்புகிறவர்கள் அவர்கள். அரசுப் பள்ளி ஆசிரியரைக் கேட்டால் பதிவுகளை ஏற்றும் எமிஸ் செயலியைக் காட்டிக் கண்ணீர் விடுவார். பாடம் நடத்திய நேரம் போக மீதியில் பதிவு செய்த காலம் போய், பதிவு செய்த நேரம் போக மீதியில் பாடம்.

மேலே இருப்பவர்களுக்கு வேறு யோசனை. 2019இல் மாநில அரசு ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு. கூச்சல் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் வாபஸ். 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை 360 டிகிரி மதிப்பெண் அட்டை என்றது. பிள்ளை தன்னைத் தானே மதிப்பிடும், பக்கத்து பெஞ்சு மதிப்பிடும், ஆசிரியர் மதிப்பிடுவார். முழு வட்டமும் சுற்றியாயிற்று. பள்ளிக்கூடத்தை மதிப்பிட மட்டும் ஒரு டிகிரிகூட மிச்சமில்லை. 2024 டிசம்பரில், தேறாத பிள்ளையை ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம் என்று தன் பள்ளிகளுக்கு விதி போட்டது மத்திய அரசு. சொல்லிக் கொடுக்காதவர் பதவி உயர்வில் போவார். சொல்லிக் கொடுக்கப்படாத பிள்ளை அதே பெஞ்சில் இருக்கும்.

2022 அசர் கல்வி ஆய்வறிக்கையைப் பாருங்கள். நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 42.8 சதவீதம். மீதிப் பிள்ளைகளின் கார்டில் என்ன கிரேடு இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அறந்தாங்கி இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இங்கே தெருத்தெருவாகப் போனது. கல் உடைத்த பெண்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்று, ஊர் பார்க்க ஓட்டினார்கள். கைநாட்டு இனி இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகளின் கார்டுதான் இது. அந்தப் பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். கார்டில் வாசிக்கத் தமிழ் இல்லை. விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறாள். மை மட்டும்தான் மாறியிருக்கிறது.

அடுத்த பருவம் கார்டு வரும்போது ஒன்று செய்யுங்கள். வீட்டில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைய பேப்பரில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கழித்தல் கணக்குக் கொடுங்கள். திணறினால் திட்டாதீர்கள், மார்க் போட்டது அது இல்லை. கார்டில் பெற்றோர் குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாகவே இருக்கும். அதில் தமிழிலேயே எழுதுங்கள்: 'ஏ2 கொடுத்திருக்கிறீர்கள். என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை. விளக்கம் தேவை.' பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.