தோற்றுப்போன விமானம் நடித்த வெற்றிப்படம்

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலை விரித்து மீன்தலைக் கறி சாப்பிடுகிறவர்களிடம், "இங்கே பக்கத்தில்தான் ஒரு காலத்தில் குண்டுவீச்சு விமானம் இறங்கியது" என்று சொல்லிப் பாருங்கள். சாம்பார் கேட்ட இடத்தில் ரசம் வந்ததுபோலப் பார்ப்பார்கள். ஆனால் இறங்கியது. ஃபேரர் பார்க் அப்போது குதிரைப் பந்தயத் திடல். 1911 மார்ச் 16 அன்று ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் அங்கிருந்து பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தில் எழும்பிக் காட்டினார். சிங்கப்பூர் கண்ட முதல் விமானம் அதுதான். ஆக, சாங்கிக்கும் காலாங்குக்கும் முன்னால் வானம் திறந்தது நம்ம தேக்கா பக்கத்தில். இதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. நாமும் மறந்துவிட்டு முஸ்தபாவில் பெட்டி வாங்கப் போய்விட்டோம்.

1919 டிசம்பர் 4 இன்னும் விசேஷம். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தால் 10,000 பவுண்டு பரிசு என்று அறிவித்திருந்தார்கள். முதல் உலகப்போருக்காகச் செய்த விக்கர்ஸ் விமி குண்டுவீச்சு விமானத்தில் ராஸ் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் கீத்தும் இரண்டு மெக்கானிக்குகளும் கிளம்பி வந்தார்கள். பந்தயத் திடலோ குதிரைக்குப் போதும், விமிக்குப் போதாது. அதனால் இறங்குகிற நேரத்தில் சார்ஜண்ட் பென்னட் தன் இருக்கையைவிட்டு வெளியே ஏறி, பறந்துகொண்டிருக்கிற விமானத்தின் முதுகிலேயே சறுக்கி, வாலில் போய் உட்கார்ந்தார். வால் கனத்தது, விமானம் வேலிக்கு முன்னால் நின்றது. கயிறு இல்லை, டூப் இல்லை. இன்றைய ஸ்டண்ட் மாஸ்டர் யாராவது இப்படி ஒரு காட்சி கேட்டால் தயாரிப்பாளர் ஓடிவிடுவார்.

அந்தக் காட்சி எந்தப் படத்திலும் இல்லை. சிங்கப்பூர் வானத்தின் தலையெழுத்தே இப்படித்தான். உண்மையான சாகசம் நடந்தபோது கேமரா வேறு எங்கோ இருந்தது. கேமரா வந்து சேர்ந்தபோது எதிரே இருந்தது பொம்மை விமானம்.

1941க்கு வருவோம். தீவைக் காக்க பிரிட்டிஷார் வைத்திருந்த முக்கியமான சண்டை விமானம் புரூஸ்டர் பஃபலோ. அமெரிக்கத் தயாரிப்பு. பீப்பாய்க்கு இறக்கை ஒட்டிய உடல்வாகு. நல்ல ஸ்பிட்ஃபயர்கள் எல்லாம் இங்கிலாந்துக்கே இருக்கட்டும், ஜப்பான்காரர்களுக்கு இதுவே போதும் என்பது தளபதி புரூக்-பாப்பமின் கருத்து. பெருந்தன்மையான மனிதர்.

டிசம்பர் 8 விடியற்காலை நான்கு மணி தாண்டி 17 ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஊர் தீபாவளிக்கு அலங்கரித்த சிராங்கூன் சாலை மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. சைரன் அடித்தது, தெருவிளக்கு அணையவில்லை. அணைக்கிற சுவிட்சின் சாவி ஓர் ஊழியரிடம், அந்த ஊழியரைக் காணோம். பஃபலோக்களை மேலே அனுப்பட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று பதில் வந்தது. நம் பீரங்கிக்காரர்களே இருட்டில் நம் விமானத்தைச் சுட்டுவிடுவார்கள் என்று பயம். வந்தவர்கள் தேர் பார்க்க வந்தவர்கள் போல நிதானமாகப் பார்த்து, குண்டு போட்டுவிட்டுப் போனார்கள். 61 பேர் இறந்தார்கள். சிரிக்க வேண்டியது சாவி வைத்திருந்த நிர்வாகத்தைப் பார்த்து மட்டும்.

அடுத்த வாரங்களில் குண்டு விழ விழ, சனங்கள் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கோவிலுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அந்தச் சாலையில் ஒழுங்காக வேலை செய்த வான் பாதுகாப்பு அவள் ஒருத்திதான்.

டிசம்பர் 10. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் துணைக்கு ஒரு விமானம்கூட இல்லாமல் மலாயாக் கிழக்குக் கடலில் மாட்டிக்கொண்டன. அட்மிரல் பிலிப்ஸ் வானொலியில் உதவி கேட்கக்கூடாது என்று வாய்மூடி விரதம் இருந்தார். முதல் குண்டிலிருந்து கடைசிக் கப்பல் கவிழும்வரை சுமார் இரண்டு மணி நேரம். ரிபல்ஸ் கப்பலின் கேப்டன் ஒருவழியாகச் செய்தி அனுப்பி, செம்பவாங்கிலிருந்து பஃபலோக்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் மனிதத் தலைகள்தாம் இருந்தன. தமிழ்ப்பட போலீஸ் ஜீப் கடைசி ரீலில் வந்து நிற்குமே, அதே நேரம் தவறாமை. 840 பேர் போனார்கள்.

இதையும் யாரும் உருப்படியாகப் படம் பிடிக்கவில்லை. ஆனால் வென்றவனுக்குப் படம் வேண்டுமே! ஓர் ஆண்டு கழித்து, 1942 டிசம்பரில், தோஹோ நிறுவனம் 'ஹவாய் மாரே ஓகி கைசென்' என்ற படத்தை வெளியிட்டது. ஹவாயிலும் மலாயாக் கடலிலும் நடந்த கடற்போர்கள் கதை. இயக்கம் யமமோட்டோ கஜிரோ, அகிரா குரோசாவாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த குரு. தந்திரக் காட்சிகள் சுபுராயா எய்ஜி. பேர்ல் துறைமுகத்தைப் பொம்மையாகக் கட்டி, தண்ணீர் நிரப்பி, வெடி வைத்துக் கப்பல்களைக் கொளுத்தினார். ஆசியாவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் முதுகெலும்பு முறிந்த கதையும் அதே கைவரிசையில் தயாரானது.

இதில் ஒரு கூத்து. தன் விமானந்தாங்கிக் கப்பலின் உள்விவரங்களைக் காட்ட ஜப்பானியக் கடற்படை மறுத்துவிட்டது. ராணுவ ரகசியமாம். கலை இயக்கக் குழு என்ன செய்யும்? அமெரிக்க 'லைஃப்' பத்திரிகையில் வந்த அமெரிக்கக் கப்பலின் படங்களைப் பார்த்து செட் போட்டார்கள். ஜப்பானிய வீரர்கள் அமெரிக்கக் கப்பலிலிருந்து கிளம்பி அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கினார்கள். முன்னோட்டக் காட்சியில் பெரியவர்களுக்கு முகம் சிவந்ததாகச் சொல்வார்கள். படம் என்னவோ ஓட்டமாக ஓடியது. சுபுராயா பிறகு 1954இல் 'காட்ஸில்லா'வையும் 1966இல் 'அல்ட்ராமேன்'ஐயும் கொடுத்தார். ராட்சதப் பல்லி டோக்கியோவை மிதிக்கும்போது நீங்கள் பார்ப்பது பேர்ல் துறைமுகத்தைக் கொளுத்திப் பழகிய கை.

பஃபலோவுக்கும் நல்ல காலம் பிறந்தது. 1944இல் அதே யமமோட்டோ, அதே சுபுராயா, 'கட்டோ ஹயபுசா செண்டோதாய்' எடுத்தார்கள். மலாயா வானத்தில் பெயர் வாங்கி, 1942 மே மாதம் வங்காள விரிகுடாவில் ஒரு பிளென்ஹைம் விமானத்தின் துப்பாக்கிக்காரனால் வீழ்த்தப்பட்ட கட்டோ டட்டேயோவின் வீரவரலாறு. எதிரி விமானங்களுக்குப் பொம்மை செய்வானேன், பிடிபட்ட அசல் சரக்குதான் இருக்கிறதே என்று பஃபலோவையே பறக்கவிட்டுப் படமெடுத்தார்கள். போரில் சொன்ன நேரத்துக்கு வராத விமானம் ஷூட்டிங்குக்குச் சரியாக வந்தது. அந்த ஆண்டு ஜப்பானில் வசூலை அள்ளிய படம் அது. பஃபலோ பங்குபெற்ற வெற்றி என்று சிங்கப்பூர்க் கணக்கில் எழுதக்கூடியது இது ஒன்றுதான்.

ஓவியர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரிஸில் பூனையும் பெண்களும் வரைந்து பேரெடுத்த ஃபுஜிட்டா, புக்கிட் தீமா மேட்டிலிருந்து சிங்கப்பூரின் கடைசி நாளை வரைந்தார். மியமோட்டோ சபுரோ, சரணடையப் போன பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் அரைக்கால் சட்டையோடு ஜப்பானியத் தளபதி யமஷிட்டாவின் முன்னால் உட்கார்ந்ததை வரைந்தார். எல்லாம் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் அள்ளிக்கொண்டு போய், 1970இல் 'காலவரையற்ற இரவல்' என்று டோக்கியோவுக்கே அனுப்பிவைத்த 153 படங்களில் அடக்கம். கொள்ளையடித்ததை இரவலாகத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று வக்கீல்கள் அங்கே படிக்கலாம்.

பெர்சிவலுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கார்ட்டூனில் காத்திருந்தது. 1945 ஏப்ரலில் வந்த 'மோமொடாரோ: உமி நோ ஷின்பெய்', ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் படம். செலவு கடற்படையுடையது. கரடி, குரங்கு, நாய் எல்லாம் பாராசூட்டில் குதித்துத் தீவைப் பிடிக்கின்றன. சரணடைகிற வெள்ளைக்காரத் தளபதிகளுக்குத் தலையில் கொம்பு. இடம் செலிபிஸ் என்று பெயர் மாற்றியிருந்தாலும், மேசையும் திணறலும் அப்படியே 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்த ஃபோர்டு தொழிற்சாலை. ஒசாகா கொட்டகையில் இதைப் பார்த்துக் கண்கலங்கிய பதினாறு வயதுப் பையன் பிற்பாடு 'ஆஸ்ட்ரோ பாய்' வரைந்த தெசுகா ஒசாமு. பெர்சிவலின் கொம்பு வீண்போகவில்லை.

இப்போது சிங்கப்பூருக்கு வந்த சினிமாக்காரர் கதை. ஜப்பானிய ஆட்சியில் கத்தே கட்டடம் ஒலிபரப்புக்கும் பிரசாரத்துக்கும் தலைமையகம். அந்தக் கத்தே அரங்கில்தான் 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் தமிழர்கள் திரண்டு வந்து அவருடைய படையில் சேர்ந்தார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் வைத்து 'டெல்லிக்கு' என்று ஒரு படம் எடு என ஜப்பான் ராணுவம் ஓர் இயக்குநரை அனுப்பியது. யாரை? ஒசு யசுஜிரோவை! அப்பா மகளுக்குக் கல்யாணம் பேசுகிற கதையை ஆயுள் முழுக்க எடுத்தவர். கேமராவைப் பாயில் உட்கார்ந்தவன் கண்மட்டத்துக்குமேல் தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர். அவரிடம் போய் அணிவகுப்பும் விமானமும் கேட்டால்?

ஒசு சாமர்த்தியசாலி. கத்தே கட்டடத்தில் இருந்துகொண்டு, பறிமுதலான அமெரிக்கப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். 'கான் வித் த விண்ட்', 'சிட்டிசன் கேன்', 'ஃபேண்டேசியா'. கடைசிப் படத்தைப் பார்த்ததும், தப்பான ஆளோடு சண்டைக்குப் போய்விட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஜப்பானிய உளவுத்துறை லட்சம் கோப்பு படித்தும் கண்டுபிடிக்காததை ஒரு மிக்கி மவுஸ் படம் சொல்லிவிட்டது. போர் முடிந்ததும் எழுதியதையும் எடுத்ததையும் எரித்தார். முதல் கப்பலில் ஊர் திரும்பச் சீட்டுக் குலுக்கியபோது அவர் பெயர் விழுந்தது. இன்னொருவரை அனுப்பிவிட்டு 1946 வரை இங்கேயே இருந்தார். எனக்கு வருத்தம் அந்தச் சாம்பலில்தான். சிங்கப்பூர்ப் போரைத் தரையிலிருந்து பார்க்கத் தெரிந்த கேமரா அது ஒன்றுதான் வந்தது, அதுவும் படம் தராமல் போயிற்று.

நேதாஜி 1945 ஆகஸ்ட் 16 அன்று சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பி, 18ஆம் தேதி தைப்பேயில் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம் நொறுங்கியதில் இறந்தார். பசும்பொன் தேவர் அதைக் கடைசிவரை நம்பவில்லை. விமானக் காட்சி என்றாலே தமிழனுக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. அதே 1945இல் சேலத்தில் என்ன நடந்தது பாருங்கள். போர் முயற்சிக்கு ஆதரவாகப் படமெடுக்க வேண்டும் என்று வெள்ளைக்கார அரசு நெருக்க, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 'பர்மா ராணி' எடுத்தார். இந்திய விமானப்படை வீரர்கள் ஜப்பானியர் பிடித்த பர்மாவில் விழுந்துவிடுகிறார்கள். கே.எல்.வி. வசந்தா, ஹொன்னப்ப பாகவதர், பாட்டு, உளவு, எல்லாம் உண்டு. வில்லன்கள் ஜப்பானியர். சேலத்துத் தமிழன் திரையில் பிரிட்டிஷ் பக்கம் பறந்துகொண்டிருக்க, சிராங்கூன் சாலைத் தமிழன் ஜப்பான் பக்கம் நடந்துகொண்டிருந்தான். இருவரும் சொந்தக்காரர்களாக இருந்திருக்கவும் கூடும். நல்லவேளை, தபால் நின்றுபோயிருந்தது.

அன்று விழுந்த விமானம் 2017 'காற்று வெளியிடை'யிலும் விழுந்தது. கார்த்தி கார்கிலில் விழுந்து பாகிஸ்தான் சிறையில் கிடந்தார். தமிழ் சினிமாவில் போர் விமானம் ஒழுங்காகத் தரையிறங்கி நான் பார்த்ததில்லை. அந்தப் படத்துக்கு ஆலோசகர் ஏர் மார்ஷல் வர்தமான். 2019 பிப்ரவரியில் அவர் மகன் அபிநந்தன் நிஜமாகவே விழுந்து, நிஜமாகவே பிடிபட்டு, மார்ச் 1 அன்று மீசையோடு திரும்பினார்.

சிங்கப்பூரின் சொந்த விமானப்படைக் கதை சுருக்கம். 1968இல் தொடங்கி, 1969இல் 8 செஸ்னா சின்ன விமானங்களோடு பழக ஆரம்பித்தது. இப்போது எஃப்-15, எஃப்-16 எல்லாம் உண்டு, வானம்தான் போதாது. திரும்பினால் மலேசியா, இன்னொரு பக்கம் திரும்பினால் இந்தோனேசியா. அதனால் அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று வாடகை வானத்தில் பயிற்சி.

நம் இயக்குநர்களோ 1978இல் 'பிரியா'வுக்காக வந்தபோதிருந்தே சிங்கப்பூர் என்றால் டூயட் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் காலத்துப் பாய லேபார் விமான நிலையம் இன்று போர் விமானத் தளம். அடுத்தமுறை மெரினா பேயில் கதாநாயகியைச் சுழற்றுவதற்கு முன், ஐயா, ஒரு நடை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்வாருங்கள். ஜப்பானியர் காலத்தைச் சொந்த வாயால் சொன்னவர்களின் பதிவுகள் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் இருக்கின்றன, தமிழில் பேசியவர்களுடையதும் சேர்த்து. குண்டு மேலிருந்து எப்படி விழுந்தது என்று எல்லோரும் காட்டியாயிற்று. கீழே இருந்தவர்கள் அதைச் சொல்லி முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கேட்பதற்குக் காசு கிடையாது.